குளிரில் விமான எஞ்சினைச் சூடேற்றுதல்: அலாஸ்காவிலிருந்து லடாக் வரை

கடுங்குளிரில் இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற சிறு விமானத்தின் எஞ்சினுக்கு, அதை இயக்கும் முன்னர் வெளியிலிருந்து வெப்பம் கொடுப்பதை முன்சூடாக்கல் என்பர். விமானம் தோன்றிய காலத்திலிருந்தே குளிர்நாடுகளில் இது அன்றாட வேலை. ஆனால் வானூர்தி வரலாறு பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அந்த விமானி ஏறி அமர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, எஞ்சினுக்கு அடியில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்த மெக்கானிக்கை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

புதுச்சேரியில் இருப்பவருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஆனால் அந்தக் குளிருக்கே புட்டியில் உள்ள தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடுகிறது. அதைச் சற்று வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ இளக்கிய பிறகுதான் தலையில் தடவ முடிகிறது. விமான எஞ்சினுக்குள் நடப்பதன் முதல் பாதி இதுதான்.

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் சூடேற்றும் வழக்கமும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சின்களைப் பரப்ப முயன்றார். அக்காலத்து எண்ணெய் எஞ்சின்கள் பலவற்றில் தலைப்பகுதியை விளக்குச் சுடரால் நன்றாகக் காய்ச்சிய பிறகே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அங்கே வெப்பம் தேவைப்பட்டது எரிபொருளை ஆவியாக்குவதற்கு. சித்திரை வெயிலிலும் அதைச் செய்தாக வேண்டும். விமான எஞ்சினில் காரணம் வேறு. அங்கே காக்க வேண்டியவை ஆயிலும் உலோகமும்.

குளிர் எஞ்சினை என்ன செய்கிறது?

எஞ்சின் ஆயில் குளிரக் குளிர வெல்லப்பாகு போல இறுகுகிறது. எஞ்சின் சுழலத் தொடங்கிய முதல் சில வினாடிகளில் பம்பு அதை உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. அந்த இடைவேளையில் பேரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் ஏறக்குறைய உலர்ந்த நிலையில் உராய்கின்றன. ஒரே ஒரு முறை இப்படிக் கிளப்பினாலும் பல மணி நேரம் பறந்த அளவுக்குத் தேய்மானம் ஏற்படலாம்.

இரண்டாவது தொல்லை பலருக்கும் தெரியாதது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் வெளிக்கூடு அலுமினியத்தால் ஆனது. உள்ளே சுழலும் கிராங்க் தண்டு எஃகால் ஆனது. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதே அளவு சுருங்கவும் செய்யும். ஒரு டிகிரிக்கு அலுமினியத்தின் நீள்விரிவு பத்து லட்சத்தில் 23 பங்கு, எஃகுக்கு 12 பங்கு. 60 மி.மீ. விட்டமுள்ள தண்டை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 15 டிகிரியிலிருந்து மைனஸ் 25 டிகிரிக்கு, அதாவது 40 டிகிரி இறங்கினால், வெளிக்கூடு தண்டைவிடக் கூடுதலாகச் சுருங்கும் அளவு 60 × 40 × 0.000011 = 0.026 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே ஆயில் ஓட விட்டிருக்கும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆயில் கெட்டியாகும் அதே வேளையில் அது நுழைய வேண்டிய வழியும் குறுகுகிறது. பத்தாம் வகுப்பு இயற்பியலில் வரும் வெப்ப விரிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மற்றவை எளிதில் விளங்குபவை. பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஈய பேட்டரியின் திறன் மைனஸ் 18 டிகிரியில் பாதி அளவுக்குக் குறைந்துவிடலாம். எஞ்சினோ அப்போதுதான் அதிக விசை கேட்கிறது. ஓரிரு முறை வெடித்து நின்றுபோனால், அந்த வெடிப்பில் உண்டான நீராவி ஸ்பார்க் பிளக்கின் முனையில் பனியாகப் படிந்துவிடும். அதன்பின் பிளக்கைக் கழற்றிச் சூடாக்கிப் பொருத்தும் வரை பொறி வராது. பொறுமையிழந்து பெட்ரோலை மேலும் மேலும் செலுத்தினால், வழிந்த பெட்ரோல் தீப்பிடிக்கும். குளிர்காலத்தில் தரையிலேயே எரிந்துபோன சிறு விமானங்கள் பலவற்றின் கதை இதுதான்.

அடுப்பும் கூடாரமும்

கார்ல் பென் ஐல்சன் 1922இல் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்குச் சென்றது விமானம் ஓட்ட அன்று. உயர்நிலைப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் கற்பிக்க. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் விமானப் பயிற்சி பெற்றிருந்தார். ஊராரின் ஆதரவோடு ஒரு விமானம் வந்தது. ஆசிரியர் மீண்டும் விமானி ஆனார். 1924 பிப்ரவரி 21 அன்று ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத் என்ற ஊருக்குச் சோதனை முறையில் அஞ்சல் கொண்டுசென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மூன்று வாரம் ஆகும் பயணத்தை அவர் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார்.

அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அக்கால அலாஸ்கா விமானியின் ஒரு நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். தரையிறங்கி எஞ்சின் சூடு ஆறும் முன்பே அடியில் தகரத்தைப் பிடித்து ஆயில் முழுவதையும் வடித்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தால் அது வடியாது. அந்தத் தகரத்தை அவர் தங்கும் மரக்குடிலுக்குள் கொண்டுபோய் அடுப்பருகே வைப்பார். விடிவதற்கு முன் எழுந்து, எஞ்சினின் மேல் கனத்த கித்தான் துணியைத் தரை வரை தொங்கவிட்டுச் சிறு கூடாரம் போல் ஆக்குவார். அதற்குள், நம் ஊர்ப் பம்ப் ஸ்டவ்வைப் போலக் காற்றடித்து எரிக்கும் ஒரு பெட்ரோல் அடுப்பு வைக்கப்படும். வெளிச்சூடு உள்ளே இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் குடிலில் ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊற்றி, கூடாரத்தைப் பிரித்து, விசிறியைக் கையால் சுற்றி, எல்லாம் ஆறுவதற்குள் எஞ்சினைக் கிளப்பிவிட வேண்டும். முதல் முயற்சியில் கிளம்பாவிட்டால் ஆயிலை மறுபடி வடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

அடுப்பை ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட முடியாது என்பதுதான் இதில் கடினம். மேலே பெட்ரோல் கசியும் குழாய்கள், சுற்றிலும் எண்ணெய் ஊறிய துணி, நடுவில் திறந்த சுடர். ஒருவர் தீயணைப்பானோடு அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாக வேண்டும். கண்ணயர்ந்தால் விமானம் போயிற்று. அடுத்த ஊர் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பனிவெளியில் விமானம் போனால் அதனுடன் போவது என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1927 மார்ச்சில் ஐல்சனும் ஆய்வுப்பயணி ஹியூபர்ட் வில்கின்ஸும் ஆர்க்டிக் கடல்பனி மீது இறங்கி, கோளாறு செய்த எஞ்சினைப் பனிக்காற்றில் பழுதுபார்க்க நேர்ந்தது. பிறகு எரிபொருள் தீர்ந்து மறுபடி பனிமேல் இறங்கி, நாள்கணக்கில் நடந்து கரைசேர்ந்தார்கள். உறைபனிப் புண்ணால் ஐல்சன் ஒரு விரலை இழந்தார். 1929 நவம்பரில் சைபீரியக் கரையருகே பனியில் சிக்கிய நானுக் என்ற கப்பலுக்கு உதவப் பறந்தபோது அவரும் மெக்கானிக் ஏர்ல் போர்லண்டும் விபத்தில் இறந்தனர். இருவரையும் தேடிய விமானங்கள் நடுக்குளிர்காலத்தில், இதே கூடாரத்தையும் அடுப்பையும் நம்பித்தான் நாள்தோறும் கிளம்ப வேண்டியிருந்தது. 1930 ஜனவரி இறுதியில்தான் சிதைவு கண்ணில் பட்டது.

கனடாவிலும் இதே நிலைதான். 1929 ஜனவரி 2 அன்று எட்மண்டனிலிருந்து வாப் மே, விக் ஹார்னர் என்ற இரு விமானிகள், வடக்கே டிப்தீரியா பரவிய பகுதிக்காக மருந்தை எடுத்துக்கொண்டு திறந்த இருக்கை கொண்ட சின்னஞ்சிறு ஏவ்ரோ ஏவியன் விமானத்தில் புறப்பட்டனர். வழியில் இரவு தங்கி மறுநாள் ஃபோர்ட் வெர்மிலியன் சேர்ந்தனர். இன்று டொராண்டோவிலோ எட்மண்டனிலோ வாழும் தமிழர்களுக்குக் காரின் எஞ்சினில் மின்கம்பியைச் செருகி வைக்கும் வழக்கம் தெரிந்திருக்கும். அதன் முன்னோடி இந்தப் பெட்ரோல் அடுப்புதான்.

போர் தந்த வழி

1941–42 குளிர்காலத்தில் சோவியத் மண்ணில் ஜெர்மன் விமானங்கள் பெருமளவில் முடங்கின. எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிப் பார்த்தார்கள். சோவியத் விமானப்படை கையாண்ட முறை எளியது: இரவில் எஞ்சினை நிறுத்தும் முன் ஆயிலிலேயே கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவது. நீர்த்த ஆயில் குளிரிலும் ஓடும். காலையில் எஞ்சின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், ஆயில் தன் பழைய கெட்டிக்கு வந்துவிடும். பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்விமானங்களிலும் இதற்கெனத் தனிக் குழாயும் சுவிட்சும் வைக்கப்பட்டன. ஜெர்மன் படைப்பிரிவுகள் பலவற்றில் இது வழக்கத்துக்கு வந்தது அந்தக் குளிரில் பட்ட பிறகே.

1942 முதல் 1945 வரை ஃபேர்பேங்க்ஸின் லாட் தளம் வழியே ஏறத்தாழ 8,000 அமெரிக்க விமானங்கள் சோவியத் விமானிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுப்புகளால் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை அன்று அது. சக்கரம் பூட்டிய பெட்ரோல் ஹீட்டர்கள், யானைத் துதிக்கை போன்ற துணிக்குழாய்களால் வெந்காற்றை எஞ்சின் மூடிக்குள் ஊதின. சுடர் விமானத்துக்கு வெளியே போனதுதான் இதில் பெரிய முன்னேற்றம்.

இப்போது

தனியார் சிறு விமானங்களில் இன்று மின்சாரமே இந்த வேலையைச் செய்கிறது. ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டிய வெப்பத்தகடு, சிலிண்டர்தோறும் ஒரு சிறு ஹீட்டர், மேலே கனத்த போர்வை. இரவில் இணைத்துவிட்டால் காலையில் எஞ்சின் முழுவதும் ஒரே சீராகச் சூடாகியிருக்கும். வீட்டிலிருந்தே கைப்பேசியால் சுவிட்சைப் போடும் வசதியும் உண்டு. எஞ்சின் தயாரிப்பாளர்களில் கான்டினென்டல் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் சூடாக்கச் சொல்கிறது. லைகோமிங் தன் பெரும்பாலான எஞ்சின்களுக்கு மைனஸ் 12 டிகிரியை வரம்பாக வைத்திருக்கிறது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை அவசரம். பத்து நிமிடம் வெந்காற்றை ஊதினால் சிலிண்டர்களின் வெளிப்புறம் தொட்டால் சுடும், எஞ்சினும் கிளம்பிவிடும். ஆனால் உள்ளே ஆயிலும் தண்டும் பேரிங்கும் இன்னும் உறைந்தே இருக்கும். மேலே சொன்ன 0.026 மி.மீ. கணக்கு அப்போதுதான் வேலையைக் காட்டும். இந்த அரைகுறைச் சூடு, சூடே ஏற்றாமல் இருப்பதைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். சூடேற்றாத எஞ்சின் கிளம்ப மறுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்; இதுவோ கிளம்பித் தன்னைக் கெடுத்துக்கொள்ளும்.

லடாக்கில்

இந்தியாவில் இந்தச் சிக்கலைச் சந்திக்கும் இடம் லடாக். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை உடன் அழைத்துக்கொண்டு லே-யில் முதன்முதலாக டகோட்டா விமானத்தை இறக்கினார். ஓடுதளத்தை அமைத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. அந்த டகோட்டாவில் காற்றழுத்த அறையும் இல்லை. பனி நீக்கும் கருவியும் இல்லை. 1962இல் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே, முதுகில் ஜெட் எஞ்சின் ஒன்றைக் கூடுதலாகச் சுமந்த பாக்கெட் விமானத்தை 16,600 அடிக்கு மேல் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார்.

லடாக்கில் குளிர் ஒரு வகையில் விமானத்துக்கு நண்பன். லே விமான நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,250 மீட்டர் மேலே உள்ளது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே இருக்கும். வெயில் ஏறினால் அந்தக் காற்றும் விரிந்து மெலிந்துபோகும். 25 டிகிரியில் உள்ள காற்றைவிட மைனஸ் 10 டிகிரியில் உள்ள காற்று சுமார் 13 விழுக்காடு அடர்த்தி கூடியது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது கைகொடுக்கும். லே-க்குச் செல்லும் பயணிகள் விமானங்கள் காலையிலேயே வந்து திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பறக்க உகந்த அந்த விடியற்காலைதான் எஞ்சின் கிளம்புவதற்கு மிகக் கெட்ட வேளை. வடக்கே உள்ள சமவெளி நாடுகளில் வெயில் ஏறும் வரை காத்திருக்கலாம். மலையில் காத்திருந்தால் சுமக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும்.

சியாச்சின் பனியாற்றில் இந்த முரண் உச்சத்தை எட்டுகிறது. 1984 ஏப்ரல் 13இல் தொடங்கிய மேகதூத் நடவடிக்கைக்குப் பின், அங்குள்ள காவல்நிலைகளுக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் கொண்டுசென்று, நோயுற்ற வீரர்களை இறக்கிவரும் பணியைப் பெரும்பாலும் சீட்டா ஹெலிகாப்டர்களே செய்துவந்துள்ளன. இதன் பிரெஞ்சு மூலம் லாமா. இந்திய ராணுவத்தின் தேவைக்காகவே பிரான்சில் உருவாக்கப்பட்டு 1969இல் முதலில் பறந்தது. அலூயெத் இரண்டின் உடலில் அலூயெத் மூன்றின் எஞ்சினைப் பொருத்திச் செய்ததே லாமா. (அலூயெத் என்றால் வானம்பாடி, பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) இதில் பிஸ்டன் கிடையாது, சிறிய வாயுச்சுழலி. அதனால் சிலிண்டர் உராய்வு போன்ற தொல்லைகள் இல்லை. ஆனால் இறுகும் ஆயிலும் சோரும் பேட்டரியும் அதற்கும் உண்டு. மெல்லிய காற்றில் சுடரைப் பற்றவைப்பதும் கடினம்.

அந்த எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும் என்பதை 1972 ஜூன் 21 அன்று பிரான்சில் ழான் பூலே கண்டார். லாமாவில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலகச் சாதனை படைத்த அவர், இறங்குவதற்காகச் சக்தியைக் குறைத்தார். வெளியே மைனஸ் 63 டிகிரி. எஞ்சின் அணைந்தது, மறுபடி பற்றவில்லை. சுழலும் விசிறியின் வேகத்தை மட்டும் நம்பி, எஞ்சின் இன்றியே தரை வரை இறங்கினார்.

பூலேவுக்குக் கீழே பிரான்சின் சமவெளி இருந்தது. சியாச்சினில் ஹெலிகாப்டர் இறங்குமிடம் பனியில் மிதித்துச் சமன் செய்த சிறு மேடை. சில நிலைகள் 20,000 அடிக்கு மேல். அங்கே ஹீட்டர் வண்டியைக் கொண்டுபோக வழியில்லை. ஆயிலை வடித்து அடுப்பில் காய்ச்ச இடமும் நேரமும் இல்லை. எனவே இந்திய விமானிகள் கண்ட தீர்வு அலாஸ்காவுக்கு நேர்மாறானது: எஞ்சினை அணைப்பதே இல்லை. விசிறி சுழல்கையிலேயே சுமை இறங்கும், நோயாளி ஏற்றப்படுவார். தரையில் நிற்பது சில வினாடிகள். ஒரு தடவை அணைத்தால் அந்த இயந்திரமும் அதில் வந்தவர்களும் அங்கேயே தங்கிவிட நேரலாம் என்பதை அவர்கள் கணக்கில் வைத்தே பறக்கிறார்கள்.

தரைவழியிலும் லடாக்கின் பட்டறிவு இதையே சொல்கிறது. டீசல் உறைவதால் லாரி ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிவந்தனர். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில்தான்.

இரவு முழுவதும் வெளியில் நின்றபின் கிளம்ப வேண்டிய கட்டாயம் கீழ்த்தளங்களில் இன்றும் இருக்கிறது. எஞ்சினுக்குப் போர்வை, கழற்றி அறைக்குள் வைத்த பேட்டரி என்று குளிர்நாட்டு வழக்கங்கள் அங்கே தேவைப்படுகின்றன. பெங்களூரில் வடிவமைத்த புதிய ஹெலிகாப்டர்கள் படையில் சேரும் முன் இந்தத் தேர்வில் தேற வேண்டும். 2015 பிப்ரவரியில் இலகு ரகப் போர் ஹெலிகாப்டரை லே-க்குக் கொண்டுசென்று, மைனஸ் 18 டிகிரி வரை இறங்கிய குளிரில், 3 கி.மீ., 4.1 கி.மீ. உயரங்களில் இரவு முழுவதும் திறந்தவெளியில் நிறுத்திவைத்தார்கள். காலையில் வெளியிலிருந்து எந்த மின்சாரமும் தராமல், அதன் சொந்த பேட்டரியால் மட்டுமே எஞ்சினைக் கிளப்பினார்கள்.